மணிக்கட்டு முறிவுக்குப் பிறகு எரியும் கை: உயர் அழுத்த ஆக்ஸிஜன் எடுக்கலாமா?

ஒருவர் தன் அம்மாவைப் பற்றி அனுப்பிய கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு 58 வயது. வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. எலும்பு ஒழுங்காகக் கூடிவிட்டது என்று எக்ஸ்ரே காட்டுகிறது. ஆனால் கட்டைப் பிரித்த நாளிலிருந்து கை வீங்கிப் பளபளவென்று இருக்கிறது. ஒரு நேரம் சிவந்து சுடுகிறது, இன்னொரு நேரம் நீலம் பாய்ந்து சில்லென்று ஆகிறது. மெல்லிய துணி பட்டால்கூட எரிகிறது என்று அழுகிறார். விரல்களை மடக்க முடியவில்லை. எலும்பு மருத்துவர் "சி.ஆர்.பி.எஸ்." (காம்ப்ளெக்ஸ் ரீஜனல் பெயின் சின்ட்ரோம், காயத்துக்குப் பிறகு கையிலோ காலிலோ தங்கிவிடும் கடும் வலி நோய்) என்று சொல்லியிருக்கிறார். ஒரு மையத்தில் ஹைப்பர்பேரிக் ஆக்ஸிஜன் சிகிச்சை (அழுத்தம் கூட்டிய அறைக்குள் சுத்த ஆக்ஸிஜனைச் சுவாசிப்பது) 40 சிட்டிங் எடுத்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். எடுக்கலாமா?

நான் கை நோயாளிகளோடு பல வருடங்களாக வேலை செய்கிற பிசியோதெரபிஸ்ட். இந்த நோய் வந்தவர்களை அழுத்த அறைக்கு அனுப்பியும் இருக்கிறேன், வேண்டாம் என்று தடுத்தும் இருக்கிறேன். அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். இது உங்கள் அம்மாவின் முதல் சிகிச்சை அல்ல. வீக்கத்தையும் வலியையும் கொஞ்சம் குறைத்து, கையை அசைக்க வழிவிடும் துணைச் சிகிச்சையாக இருக்கலாம், அவ்வளவுதான். 40 அமர்வுக்கு இன்றே ஒப்புக்கொள்ளாதீர்கள். அறைக்குள் போனாலும் போகாவிட்டாலும் கையை அசைக்கும் வேலை இன்றே தொடங்க வேண்டும். நான் அதிகம் பயப்படுவது ஆக்ஸிஜனைப் பற்றி அல்ல. "சிகிச்சைதான் நடக்கிறதே" என்ற நிம்மதியில் இரண்டு மாதம் கை அசையாமல் கிடந்துவிடுமோ என்பதுதான் என் பயம்.

முதலில் இது சி.ஆர்.பி.எஸ்.தானா என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். இதைக் காட்டிக்கொடுக்கும் ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. கையைப் பார்த்து, தொட்டு, கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். மருத்துவர்கள் புடாபெஸ்ட் அளவுகோல் என்ற ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். காயத்துக்குப் பொருந்தாத அளவுக்குத் தொடர்ந்து வலி இருக்க வேண்டும். தொடு உணர்ச்சி, தோலின் நிறமும் வெப்பமும், வியர்வையும் வீக்கமும், அசைவும் முடி நக வளர்ச்சியும் என்ற நான்கு வகைகளில் மூன்றிலாவது நோயாளி மாற்றத்தைச் சொல்ல வேண்டும், இரண்டிலாவது மருத்துவர் நேரில் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வேறு எந்த நோயும் இதைவிட நன்றாகப் பொருந்தக் கூடாது. இந்தக் கடைசி நிபந்தனையைத்தான் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். கிருமித்தொற்று, ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைப்பது, மணிக்கட்டில் நரம்பு நெரிபடுவது, எல்லாமே வீங்கி வலிக்கும் கையாகத்தான் வரும். அம்மாவுக்குக் காய்ச்சல் இருந்தாலோ, கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மட்டும் மரத்துப் போயிருந்தாலோ, மருத்துவரிடம் அதைத் தனியாகச் சொல்லுங்கள். நெரிபடும் நரம்புக்கு ஆக்ஸிஜன் எதுவும் செய்யாது. அதை விடுவிக்கத்தான் வேண்டும்.

நோய் புதிதல்ல, பெயர்தான் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் குண்டடிபட்ட சிப்பாய்களிடம் சைலஸ் வியர் மிட்செல் என்ற மருத்துவர் இந்த எரிச்சலைப் பார்த்து எழுதிவைத்தார். கையில் எந்நேரமும் ஈரத்துணி சுற்றிக்கொண்டே இருந்தார்களாம். 1900-இல் ஜெர்மனியின் பால் சுடெக் எலும்பு மெலிந்து போவதைக் கவனித்தார், அவர் பெயரிலேயே அது வெகு காலம் வழங்கியது. இப்போதைய பெயர் 1994-இல் வந்தது. பெண்களுக்கு அதிகம் வருகிறது, அதிலும் மணிக்கட்டு முறிவுக்குப் பிறகு வருவதுதான் மிகப் பழக்கமான கதை. ஆகவே அம்மா கற்பனை செய்கிறார், வலி தாங்கத் தெரியாதவர் என்று வீட்டில் யாராவது சொன்னால், தயவுசெய்து அந்தப் பேச்சை நிறுத்திவிடுங்கள். நரம்பும் ரத்தக்குழாயும் மூளையும் சேர்ந்து தடுமாறும் நோய் இது. துணி பட்டால் எரிகிறது என்றால் உண்மையிலேயே எரிகிறது.

சரி, ஆக்ஸிஜனுக்கு வருவோம். சாதாரணமாக நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்ஸிஜன் 21 சதவீதம். ரத்தத்தில் அதைச் சுமப்பது ஹீமோகுளோபின். ஆரோக்கியமான ஆளுக்கு ஹீமோகுளோபின் ஏற்கெனவே 97 சதவீதம் போல நிரம்பித்தான் இருக்கும். பேருந்தில் இருக்கைகள் எல்லாம் நிரம்பிய பிறகு நிறுத்தத்தில் இன்னும் நூறு பேர் வந்து நின்றால் என்ன பயன்? ஆக, ஆக்ஸிஜனைச் சும்மா அதிகமாகக் கொடுப்பதால் ஹீமோகுளோபின் வழியாகப் பெரிதாக எதுவும் கூடாது. ஆனால் ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவில் ஆக்ஸிஜன் நேரடியாகக் கரையவும் முடியும். அது எவ்வளவு கரையும் என்பதை அழுத்தம்தான் தீர்மானிக்கிறது. சோடா பாட்டிலில் வாயு கரைந்திருப்பதும் இதே விதிப்படிதான். சாதாரணக் காற்றில் 100 மில்லி ரத்தத்தில் 0.3 மில்லி ஆக்ஸிஜன்தான் கரைந்திருக்கும். மூன்று மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் சுத்த ஆக்ஸிஜனைச் சுவாசித்தால் அது 6 மில்லி அளவுக்கு உயரும். ஓய்வில் இருக்கும் உடம்பின் தேவைக்கு ஏறத்தாழ அதுவே போதும். 1960-இல் ஆம்ஸ்டர்டாமில் இட்டே பூரெமா என்ற அறுவை மருத்துவர், பன்றிகளின் ரத்தத்தை ஏறக்குறைய முழுவதும் எடுத்துவிட்டு, பிளாஸ்மா போன்ற திரவத்தை நிரப்பி, அழுத்த அறையில் அவற்றை உயிரோடு வைத்திருந்து காட்டினார். இந்தச் சிகிச்சைக்கான அறிவியல் அடித்தளத்தில் பெரிய கல் அது.

மருத்துவமனைகளில் வழக்கமாகப் பயன்படுத்துவது 2 முதல் 2.5 மடங்கு அழுத்தம். மையங்களில் "2.4 ஏ.டி.ஏ." என்று சொல்வார்கள், அதாவது சாதாரண வளிமண்டல அழுத்தத்தைப் போல 2.4 மடங்கு. கடலில் 14 மீட்டர் ஆழத்தில் இருப்பதற்குச் சமம். அந்த அழுத்தத்தில் 90 நிமிடம் போல சுத்த ஆக்ஸிஜன், நடுவில் சில நிமிடங்கள் சாதாரணக் காற்று. ஏற்றி இறக்கும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு அமர்வுக்கு இரண்டு மணி நேரம் ஆகும்.

வீங்கிய கைக்கு இதில் என்ன இருக்கிறது என்றால், இரண்டு விஷயம். வீக்கம் அதிகமானால் செல்லுக்கும் ரத்த நாளத்துக்கும் இடையே தூரம் கூடுகிறது. ரத்தம் ஓடினாலும் ஆக்ஸிஜன் கடைசி வரை போய்ச் சேர்வதில்லை. பிளாஸ்மாவில் நிறையக் கரைந்திருந்தால் அது இன்னும் கொஞ்சம் தூரம் பரவிப் போகும். இரண்டாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. இவ்வளவு ஆக்ஸிஜன் வந்ததும் ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன, ஓட்டம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. கசிவு குறைவதால் வீக்கம் வடிகிறது. வேறு எந்த வழியில் ரத்தக்குழாயைச் சுருக்கினாலும் திசு ஆக்ஸிஜனுக்குத் தவிக்கும். இங்கே ஓட்டம் குறைந்தாலும் வருகிற ரத்தம் ஆக்ஸிஜனால் நிறைந்திருப்பதால் தவிப்பு இல்லை. அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருள்கள் குறைவதாகவும் ஆய்வுகள் சொல்கின்றன. ஆகவே இந்தக் கைக்கு இதை முயன்று பார்த்தவர்கள் காரணம் இல்லாமல் முயலவில்லை.

காரணம் இருப்பது வேறு, பலன் தருவது வேறு. இந்தக் கேள்விக்கு நேராகப் பொருந்தும் ஆய்வு ஒன்று 2004-இல் துருக்கியிலிருந்து வந்தது. சி.ஆர்.பி.எஸ். வந்த 71 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். 37 பேருக்கு அழுத்த அறையில் ஆக்ஸிஜன். 34 பேருக்கு அதே அறையில் சாதாரணக் காற்று. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, அளப்பவருக்கும் தெரியாது. எல்லோருக்கும் 15 அமர்வு. வலி, வீக்கம், மணிக்கட்டின் அசைவு மூன்றையும் தொடக்கத்திலும், 15 அமர்வு முடிந்ததும், 45-ஆம் நாளிலும் அளந்தார்கள். ஆக்ஸிஜன் எடுத்தவர்களுக்கு எல்லாமே கூடுதலாக முன்னேறியது, மணிக்கட்டைப் பின்பக்கம் நிமிர்த்தும் அசைவு ஒன்றைத் தவிர. நல்ல முறையில் செய்த ஆய்வுதான். ஆனால் 71 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. 45 நாளுக்குப் பிறகு என்ன ஆனது என்பதற்கு அதில் பதில் இல்லை. இந்த ஒன்றை வைத்துக்கொண்டு "சரியாகிவிடும்" என்று வாக்குக் கொடுக்க எந்த மருத்துவராலும் முடியாது. உயர் அழுத்த மருத்துவத்துக்கென்றே இருக்கும் அமெரிக்கச் சங்கம் ஒன்று, எந்தெந்த நோய்களுக்கு இந்தச் சிகிச்சையைச் செய்யலாம் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. கார்பன் மோனாக்சைடு நச்சு, மூழ்காளர்களுக்கு வரும் அழுத்தநோய், ஆறாத சில புண்கள், கதிர்வீச்சால் வந்த திசுச் சேதம் எல்லாம் அதில் உண்டு. சி.ஆர்.பி.எஸ். அதில் இல்லை. அந்த மையத்தில் பேசும்போது இதை நீங்களே கேளுங்கள். நேர்மையாக "ஆமாம், பட்டியலில் இல்லை, ஆனாலும் முயலலாம்" என்று சொல்பவரை நம்பலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த ஆய்வில் 15 அமர்வு முடிந்ததும் வித்தியாசம் தெரிந்தது. உங்களிடம் சொல்வது 40. வாரத்துக்கு ஐந்து என்று வைத்தால் எட்டு வாரம். எலும்பு முறிவுக்குப் பிறகு வரும் சி.ஆர்.பி.எஸ்., ஆரம்பத்திலேயே கவனித்தால், பலருக்கு முதல் வருடத்துக்குள் கணிசமாகத் தணிந்துவிடும். எட்டு வாரத்தில் அது தானாகவே எவ்வளவோ இறங்கியிருக்கும். அந்தப் பெருமை முழுவதும் அறைக்குப் போய்விடும். "நான் எடுத்தேன், எனக்குக் குணமாகிவிட்டது" என்று யாராவது சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. எதனால் குணமானது என்பது அவருக்கும் தெரியாது.

என் பதில் ஏன் இவ்வளவு தயங்குகிறது என்று தோன்றலாம். இதே கேள்வியை நசுங்கிய கை ஒன்றைப் பற்றிக் கேட்டிருந்தால் நான் வேறு மாதிரி பேசியிருப்பேன். இயந்திரத்தில் மாட்டி நசுங்கிய கை, ஒட்டவைத்த பிறகு நிறம் மங்கும் விரல், உயிர் பிடிக்கத் தடுமாறும் தோல் ஒட்டு இவை மேலே சொன்ன பட்டியலில் இருப்பவை. அங்கே திசு ஆக்ஸிஜன் இல்லாமல் மணிக்கு மணி செத்துக்கொண்டிருக்கிறது. 1996-இல் வெளிவந்த பிரெஞ்சு ஆய்வில், கை கால் மோசமாக நசுங்கிய 36 பேரில் பாதிப் பேருக்கு, அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஆறு நாள், தினம் இரண்டு தடவை உயர் அழுத்த ஆக்ஸிஜன் கொடுத்தார்கள். அந்த 18 பேரில் 17 பேருக்குக் காயம் முழுமையாக ஆறியது. மற்ற 18 பேரில் 10 பேருக்குத்தான் ஆறியது. மறுபடி அறுவை தேவைப்பட்டவர்கள் இங்கே ஒருவர், அங்கே ஆறு பேர். அப்படிப்பட்ட கைக்கு நாள் கணக்கில் யோசிக்க நேரம் கிடையாது. அறுவை மருத்துவரும் அழுத்த அறை மருத்துவரும் அன்றைக்கே பேசியாக வேண்டும். அப்போதும் அறுவைக்கு அது மாற்று இல்லை. தசைக்கூட்டில் அழுத்தம் ஏறினால் கத்தியால் திறந்துதான் ஆக வேண்டும். (துண்டான விரலை எடுத்துப் போவதைப் பற்றி ஒரு வார்த்தை, எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டியது: ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பைக்குள் கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டி மேல் வையுங்கள். பனிக்கட்டி விரலில் நேரடியாகப் படவே கூடாது.)

இன்னொரு முனையில், விரல் மடங்கிக்கொண்டே போகும் டுப்யுட்ரென் சுருக்கத்துக்கும் இதைக் கேட்கிறார்கள். உள்ளங்கையின் அடியில் நார்க்கயிறு போலத் திசு தடித்து இழுக்கும் நோய் அது. கயிறு கயிறாகத்தான் இருக்கும், ஆக்ஸிஜன் அதை அவிழ்க்காது. ஊசியால் அறுப்பதோ அறுவையோதான் வழி. உங்கள் அம்மாவின் கை இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. ஒரு நியாயமான வாய்ப்பு, பலமில்லாத ஆதாரம்.

இப்போது எது உறுதியான வேலையோ அதற்கு வருகிறேன், இங்கேதான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்தக் கை அசையாமல் இருந்தால் மோசமாகும். தூளியில் தொங்கவிட்டுக்கொண்டே திரிந்தால், விரல் முட்டிகள் இறுகி, பிறகு வலி போனாலும் கை திறக்காது. ஆனால் யாராவது பிடித்து முறுக்கி, அழ அழ மடக்கினாலும் மோசமாகும். வலிக்காக நிறுத்தவும் கூடாது, வலியோடு சண்டை போடவும் கூடாது. நான் நோயாளிகளிடம் சொல்வது: "பயிற்சி முடித்து அரை மணி நேரத்தில் வலி பழைய நிலைக்கு வந்துவிட்டால் அளவு சரி. ராத்திரி வரைக்கும் எரிந்தால் நாளைக்குப் பாதியாகக் குறையுங்கள்." அவரே, அவர் கையால், சிறிது சிறிதாக, ஆனால் ஒரு நாளைக்கு ஆறு ஏழு தடவை. ஒரே தடவையில் ஒரு மணி நேரம் என்பது வேண்டாம்.

கையை முதலில் தொடப் பழக்க வேண்டும். பட்டு போல வழுக்கும் துணி, அப்புறம் பஞ்சு, அப்புறம் பருத்தித் துணி, கடைசியில் சொரசொரப்பான துண்டு. எரியும் இடத்தில் நேராகத் தொடங்காதீர்கள். முழங்கையிலிருந்து ஆரம்பித்து, நன்றாக இருக்கும் இடத்திலிருந்து எரிச்சல் எல்லையை நோக்கி வாருங்கள். இரண்டு நிமிடம் போதும். அம்மா கையைப் பார்த்துக்கொண்டே, அவரே தடவ வேண்டும். பலர் அந்தக் கையைப் பார்க்கவே மாட்டார்கள், அது தன்னுடையது இல்லை என்பதுபோல வைத்திருப்பார்கள். அந்த விலகலை உடைப்பதும் சிகிச்சைதான்.

மூளையைப் பழக்கும் முறை ஒன்று இருக்கிறது, இதைப் பற்றி உங்கள் பிசியோதெரபிஸ்ட்டிடம் கட்டாயம் கேளுங்கள். முதல் இரண்டு வாரம் கைப் படங்களைப் பார்த்து இது இடதா வலதா என்று சொல்வது. அடுத்த இரண்டு வாரம் கையை அசைக்காமல், அசைப்பதாக மனதில் நினைப்பது. அதற்கும் அடுத்த இரண்டு வாரம் கண்ணாடி. நோயுள்ள கையைக் கண்ணாடிக்குப் பின்னால் மறைத்து வைத்து, நல்ல கையை அசைத்தால், இரண்டு கையும் வலியில்லாமல் அசைவதுபோல மூளைக்குத் தெரியும். இல்லாத உறுப்பில் வலிப்பவர்களுக்காக நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன் கொண்டுவந்த கண்ணாடிப் பெட்டிதான் இதற்கு மூலம். ஆஸ்திரேலியாவின் லோரிமர் மோஸ்லி 2004-இல் இந்த மூன்று படிகளையும் சேர்த்துச் செய்து பார்த்தது, மணிக்கட்டு முறிவுக்குப் பிறகு நாள்பட்ட சி.ஆர்.பி.எஸ். வந்தவர்களிடம்தான். வெறும் 13 பேர், ஆனாலும் வலி இறங்கியது. வரிசையை மாற்றாதீர்கள். எடுத்த எடுப்பில் கண்ணாடி வைத்தால் சிலருக்கு வலி கூடிவிடுகிறது.

அப்புறம் கைக்குப் பாரம் கொடுப்பது. மேசை மேல் துணியை வைத்து உள்ளங்கையால் அழுத்தித் தேய்ப்பது, நடக்கும்போது லேசான பை ஒன்றைத் தூக்கிக்கொள்வது. வீட்டு வேலையையே பயிற்சியாக மாற்றலாம், அதுதான் நீடிக்கும். உட்காரும்போது கை இதயத்துக்கு மேல் இருக்கும்படி தலையணை வையுங்கள். பனிக்கட்டி வேண்டாம். எரிகிறதே என்று குளிர்ந்த நீரில் முக்கிவைப்பது அந்த நேரத்துக்குச் சுகமாக இருக்கும், ஆனால் ஏற்கெனவே தடுமாறும் ரத்தக்குழாய்களை அது இன்னும் குழப்பும். மருந்துகளை மருத்துவர் பார்த்துக்கொள்வார். ஆரம்ப வீக்கத்துக்குக் குறுகிய காலம் ஸ்டீராய்டு, நரம்பு வலி மாத்திரைகள், எலும்பு மெலிவுக்குக் கொடுக்கும் பிஸ்பாஸ்பனேட் வகை மருந்து, தேவைப்பட்டால் கழுத்தில் நரம்பு முடிச்சுக்கு ஊசி என்று வழிகள் உண்டு. 40 அமர்வைப் பற்றி யோசிப்பதற்கு முன் இவற்றைப் பேசிவிட்டீர்களா என்று பாருங்கள்.

இதெல்லாம் நடந்துகொண்டிருக்கிறது, வீக்கம் மட்டும் வழிவிடவில்லை, கையை அசைக்கவே முடியவில்லை, போய் வர வசதி இருக்கிறது, செலவு குடும்பத்தை உலுக்காது என்றால், 15 அமர்வு எடுத்துப் பாருங்கள் என்று நானே சொல்வேன். அப்படிப் போவதாக இருந்தால் சில விஷயங்கள்.

முதலில் அது உண்மையான அழுத்த அறையா என்று பாருங்கள். ஜிப் வைத்த, காற்றடைத்த பை போன்ற அறைகளும் இதே பெயரில் சுற்றுகின்றன. அவை 1.3 மடங்கு அழுத்தம்தான் தாங்கும், உள்ளே சாதாரணக் காற்றுதான் பெரும்பாலும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 21 சதவீதத்தை 1.3-ஆல் பெருக்கினால் 27. சாதாரண அழுத்தத்தில் 27 சதவீத ஆக்ஸிஜனைச் சுவாசிப்பதற்குச் சமம். மூக்கில் வைக்கும் எளிய ஆக்ஸிஜன் குழாயே அந்த அளவைக் கொடுத்துவிடும். அந்த 2004 துருக்கி ஆய்வை இந்தப் பைக்குச் சான்றாகக் காட்டினால் ஏற்காதீர்கள்.

உள்ளே போகுமுன் மருத்துவர் ஒருவர் அம்மாவை முழுதாகப் பரிசோதிக்க வேண்டும். நுரையீரல் உறையில் காற்று கசிந்து, அதற்குச் சிகிச்சை செய்யாமல் இருந்தால் கண்டிப்பாகப் போகக் கூடாது. நாள்பட்ட நுரையீரல் நோய், வலிப்பு, சளி, காது அடைப்பு, சமீபத்தில் காதிலோ கண்ணிலோ நடந்த அறுவை, புற்றுநோய்க்கு எடுத்த மருந்துகள், குறிப்பாக பிளியோமைசின், எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர் என்றால் ஒவ்வொரு அமர்வுக்கு முன்பும் சர்க்கரையை அளக்க வேண்டும், உள்ளே இருக்கும்போது அது இறங்கிவிடக்கூடும். விவரம் தெரிந்த மையம் இதையெல்லாம் நீங்கள் சொல்லாமலே கேட்கும். கேட்காமல் நேரே நாள் குறித்துக் கொடுத்தால், எழுந்து வந்துவிடுங்கள்.

மிக அதிகம் வரும் தொல்லை காது. விமானம் இறங்கும்போது அடைப்பதுபோல அடைக்கும். எச்சில் விழுங்க, கொட்டாவி விட, மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊதக் கற்றுக்கொடுப்பார்கள். வலித்தால் உடனே சொல்ல வேண்டும், அழுத்தத்தை நிறுத்துவார்கள். பொறுத்துக்கொள்வது இங்கே நல்ல குணமல்ல, செவிப்பறை கிழியக்கூடும். வலிப்பு வருவது மிக அரிது, அதைக் குறைக்கத்தான் நடுவில் சாதாரணக் காற்று. இருபது அமர்வுக்கு மேல் போனால் சிலருக்குத் தூரப் பார்வை மங்கும். படிக்கும் கண்ணாடி இல்லாமலே படிக்க முடிகிறதே என்று அம்மா சந்தோஷப்படக்கூட வாய்ப்பு உண்டு. லென்ஸில் ஏற்படும் தற்காலிக மாற்றம்தான் அது. சிகிச்சை முடிந்த சில வாரங்களிலோ மாதங்களிலோ திரும்பிவிடும். அதுவரை புதுக் கண்ணாடி வாங்க வேண்டாம்.

தீயைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். ஆக்ஸிஜன் நிறைந்த இடத்தில் ஒரு பொறி போதும். பருத்தி உடை மட்டும், அதுவும் அவர்கள் கொடுப்பது. எண்ணெய், களிம்பு, வாசனைத் தைலம், செல்போன், எதுவும் உள்ளே போகக் கூடாது. கைக்குப் போடும் வலி நிவாரணக் களிம்பும் இதில் அடக்கம், அன்றைக்குத் தடவாதீர்கள். அம்மாவின் கை சில்லிட்டுப் போகும் நேரங்களில் சூடு வைக்கும் சின்னப் பொட்டலம் எதையாவது பையில் வைத்திருந்தால், வீட்டிலேயே விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். 1997-இல் இத்தாலியின் மிலான் நகரில் அழுத்த அறை ஒன்று தீப்பற்றி 11 பேர் இறந்தார்கள். உள்ளே போன கை சூடாக்கும் கருவி ஒன்றுதான் அதற்குக் காரணம் என்று கருதப்படுகிறது. 2025 ஜனவரியில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் இப்படி ஒரு அறைக்குள் உயிரிழந்தான். பரிசோதித்து உள்ளே விடும்போது அவர்கள் கெடுபிடியாக இருந்தால் கோபப்படாதீர்கள். கெடுபிடி இல்லாத இடத்துக்குத்தான் போகக் கூடாது.

அமர்வு முடிந்து வெளியே வந்ததும், திசுக்களில் ஏறிய ஆக்ஸிஜன் சில மணி நேரத்துக்குள் பழைய அளவுக்கு இறங்கிவிடும். வீக்கம் கொஞ்சம் தளர்ந்திருக்கும் அந்த நேரத்தை வீணாக்காதீர்கள். பயிற்சியை அதை ஒட்டியே வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும்போதும் விரல்களை மெல்ல மடக்கி நீட்டலாம், மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மோதிரம், வளையல் எதுவும் அந்தக் கையில் வேண்டாம்.

கடைசியாக, முதல் நாளே மூன்று அளவு எடுத்து ஒரு நோட்டில் எழுதுங்கள். அளக்கும் நாடாவை மணிக்கட்டிலிருந்து உள்ளங்கை வழியாக எட்டு வடிவில் சுற்றி வீக்கத்தை அளக்கலாம், பிசியோதெரபிஸ்ட் ஒரு தடவை காட்டிக்கொடுப்பார். விரல்களை முடிந்தவரை மடக்கினால் நடுவிரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் எத்தனை சென்டிமீட்டர் இடைவெளி என்பது இரண்டாவது. வலிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்பது மூன்றாவது. தினமும் ஒரே நேரத்தில், ஒரே ஆள் அளக்க வேண்டும். 15-ஆவது அமர்வு முடிந்த அன்று நோட்டைத் திறந்து பாருங்கள். மூன்று அளவுகளில் குறைந்தது இரண்டு தெளிவாக முன்னேறியிருந்தால், தொடர்வதா என்று எலும்பு மருத்துவரோடு உட்கார்ந்து பேசுங்கள். மாறவில்லை என்றால், "இன்னும் பத்து எடுத்தால் தெரியும்" என்று அந்த மையம் சொன்னாலும், அதோடு நிறுத்திவிட்டு அந்த இரண்டு மணி நேரத்தையும் அம்மாவின் பயிற்சிக்குக் கொடுத்துவிடுங்கள்.